ஓ.ஜி. போஸ்டிங்கும் என் மனசாட்சியும்

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்). அடுத்த மாதம் ஓ.ஜி. (மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு) போஸ்டிங். கருக்கலைப்பு பாவம் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவள். என் நம்பிக்கையும் அதுதான். இதை யூனிட்டில் சொல்லலாமா? நோயாளியே கேட்டால்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். யூனிட் சீஃபிடம், போஸ்டிங் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளி டேபிளில் படுத்த பிறகு தியேட்டர் வாசலில் நின்று சொல்லாதீர்கள். செமினாரில் வாதாடுங்கள், செமினார் அதற்குத்தான். ஓ.பி.யில் மட்டும் வேண்டாம்.

மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காட்டி கருக்கலைப்பு, கருத்தடைச் சிகிச்சைகளுக்கு உதவ மறுக்கக் கூடாது என்கின்றன 2002 மருத்துவ நடத்தை விதிகள். 2023-ல் வந்த புது விதிகள் அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே திரும்ப வந்தன. எப்படியும் ஹவுஸ் சர்ஜன் தனியாகக் கருக்கலைப்பு செய்யப்போவதில்லை. உங்கள் வேலை பெரும்பாலும் ஹிஸ்டரி எடுப்பது, அதாவது நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது. சிக்கலும் அங்கேதான்.

ஒரு முறை மாணவி ஒருவர் ஹிஸ்டரி எடுப்பதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டார். கண் நோயாளியின் கழுத்துக்குப் போனது. தாலி இல்லை. அடுத்த கேள்வி, "வீட்டுக்குத் தெரியுமா?" அறிவுரை ஒரு வார்த்தை இல்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி ஏற்கெனவே விழுங்கியதை அந்தப் பெண் சொல்லவே இல்லை. ரத்தப்போக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கருக்கலைப்புக்கு, 18 வயது நிறைந்தவருக்கு அவர் கையெழுத்தே போதும். கணவரோ அப்பாவோ தேவையில்லை. 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதியில் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவரத்தை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. ஹாஸ்டல் அரட்டையும் 'வெளியே'தான்.

"இது பாவமா டாக்டர்?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். "அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்புக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதைச் சரியாகச் சொல்லுங்கள்.

அப்புறம், எம்.வி.ஏ. சிரிஞ்சை (கருப்பையில் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் கைச் சிரிஞ்ச்) பழகாமல் வந்துவிடாதீர்கள். ஆசைப்பட்ட கரு அரைகுறையாகக் கலைந்து, நள்ளிரவில் ரத்தம் கொட்ட வருபவருக்கும் அதே சிரிஞ்ச்தான். தியேட்டர் லிஸ்டில் உங்களை மாற்றிப் போடச் சொல்லி சீஃபிடம் கேட்கலாம், பலர் சம்மதிப்பார்கள். அந்த நள்ளிரவு கேஸை மாற்றிவிட முடியாது.