கோப்பியாபோவா ஏன் வெள்ளையாகவில்லை?

வணக்கம். விதையிலிருந்து வளர்த்த கோப்பியாபோவா சினேரியா கள்ளி மூன்று வருடமாகியும் பச்சையாகவே இருக்கிறது, படங்களில் உள்ள சாம்பல் வெள்ளை வரவில்லை, உரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள். பச்சையாக இருப்பது நோய் இல்லை.

அந்த வெள்ளை ஒரு மெழுகுப் பூச்சு. இந்தக் கள்ளியின் சொந்த இடம் வட சிலியில், தால்தால் ஊரை ஒட்டிய அட்டகாமா கடற்கரை. அங்கே மழை என்பது அபூர்வம். பசிபிக் கடலிலிருந்து ஏறிவரும் ‘கமஞ்சாக்கா’ மூடுபனிதான் ஈரம். மற்ற நேரமெல்லாம் சுள்ளென்ற வெயில். உடம்பு வேகாமலும் உள்ளிருக்கும் நீர் வற்றாமலும் காப்பது அந்த மெழுகுதான். அங்குள்ள செடிகள் வடக்கே தலைசாய்த்து நிற்பதைப் படங்களில் கவனித்திருப்பீர்கள். தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

சரி, வெயில் போதாவிட்டால் அந்த மெழுகு சரியாக வராது; அதனால் உங்கள் செடிக்கு வெயிலைச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீரை மண்ணில் மட்டும் விடுங்கள், தலையில் வேண்டாம். விரல் பட்டாலே மெழுகில் தடம் விழும். மிக மெதுவாக வளரும் இனம், அவசரப்பட முடியாது.

அப்புறம், வெள்ளையான பெரிய செடி விற்பனைக்கு வந்தால் வாங்கிவிடாதீர்கள்; அது அதன் சொந்த இடத்திலிருந்து திருடிப் பிடுங்கியதாக இருக்கலாம். 2020-இல் இத்தாலியில் பிடிபட்ட 1,000-க்கும் மேற்பட்ட திருட்டுக் கள்ளிகளில் கோப்பியாபோவாக்கள் ஏராளம்.