கார் ஸ்பீக்கரை மாற்றிய பிறகு பேஸ் குறைந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முன்கதவுகளில் இருந்த கம்பெனி ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பெட்டியில் 300 வாட் என்று அச்சிட்ட புது ஸ்பீக்கர்களைப் போட்டிருக்கிறீர்கள். பாடகர் குரல் தெளிவாகிவிட்டது, பேஸ் என்ற கனத்த கீழ் ஒலி மட்டும் பழையதைவிடக் குறைந்துவிட்டது. ஒலியின் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரும் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரும் வைத்தால்தான் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் கதவைப் பாருங்கள்.

என் சித்தப்பா ஈரோட்டில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தார். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஆறங்குல ஸ்பீக்கர் ஒன்றை வெறுமனே மேசைமேல் வைத்து ஒரு நாகஸ்வரக் கச்சேரியை ஓடவிட்டார். தவில் ஒலி தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருந்தது. பிறகு அதே ஸ்பீக்கரை ஒரு மண்பானையின் வாயில் பொருத்தி, விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்தார். தவிலடி நெஞ்சில் வந்து விழுந்தது. வால்யூம் குமிழில் அவர் கையே வைக்கவில்லை. டீக்கடைகளிலும் சலூன்களிலும் பானை ஸ்பீக்கர் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பானை என்ன செய்தது? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்னிருக்கும் காற்றை அழுத்துகிறது. அதே நொடியில் பின்னிருக்கும் காற்று விரிகிறது. ஒரே கூம்பிலிருந்து இரண்டு அலைகள் கிளம்புகின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை அதிரும் பேஸ் ஒலியின் ஓர் அலை மட்டும் 5.75 மீட்டர் நீளம். கூம்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குச் சுற்றிப்போக வேண்டிய தூரமோ ஒரு சாண். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் ஒரு தூரமே இல்லை. அழுத்தப்பட்ட காற்று சும்மா பின்னால் நழுவிப்போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. இரண்டும் கழிந்து பேஸ் மறைகிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் பதினொன்றரை சென்டிமீட்டர்தான். அது பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக முன்னால் போய்விடும். உங்களுக்குக் குரல் தெளிவாகவும் பேஸ் மெலிந்தும் கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

காரில் அந்தப் பானையின் வேலையைச் செய்ய வேண்டியது கதவு. கதவு பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றிப் பார்த்தால் தெரியும்: உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள், அவற்றின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அந்தத் தாள் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும், பேஸ் அலையைத் தடுக்காது. கம்பெனி ஸ்பீக்கர் அந்தக் கதவுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. அதன் பிளாஸ்டிக் சட்டமும் ரப்பர் விளிம்பும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். வெளியே வாங்கும் ஸ்பீக்கரைப் பொதுவான வளையம் ஒன்றை வைத்துத் திருகும்போது சுற்றிலும் விரற்கடை இடைவெளி விழுகிறது. பானையைச் சுற்றிப் பூசிய களிமண் இங்கே இல்லை.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒயர். என் முதல் காரில் ஸ்பீக்கர் மாற்றியபோது, பொருத்திய கடையில் இடது கதவில் பாசிட்டிவ் நெகட்டிவ் ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வலது கூம்பு முன்னால் வரும்போது இடது கூம்பு பின்னால் போனது. எட்டு மாதங்கள் அப்படியே ஓட்டினேன், ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்ற ஏற்ற இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இன்னும் பலமாக அழித்ததுதான் மிச்சம்.

இதைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டாம். ஒலியை முன்னும் பின்னும் பிரிக்கும் ஃபேடரை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, பேஸ் நிறைந்த ஒரு பதிவைப் போடுங்கள். ஒலியை இடமும் வலமும் பிரிக்கும் பேலன்ஸை நடுவில் வைத்துக் கேளுங்கள், பிறகு முழுக்க ஒரு பக்கம் திருப்புங்கள். ஒரே ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் கூடினால், ஏதோ ஒரு பக்கத்து ஒயர் மாறியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய, ஸ்டீரியோவிலிருந்து ஒயரைப் பிரித்துவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் செல் ஒன்றை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். செல்லின் பாசிட்டிவ் ஸ்பீக்கரின் பாசிட்டிவைத் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்.

கேட்டுப் பார்ப்பதற்கு நான் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைத்தான் எடுப்பேன். தொப்பி என்ற இடப்பக்கத்தின் 'தொம்' கீழ் அதிர்வெண்களைக் காட்டிக்கொடுக்கும். வலப்பக்கமான வலந்தலை மேல் அதிர்வெண்களைக் காட்டிக்கொடுக்கும். மிருதங்க வலந்தலையின் மேற்சுரங்கள், சாதாரண முரசுகளைப் போலன்றி, நரம்புக் கருவியில் உள்ளதுபோல ஒத்திசைவாக அமைந்திருப்பதைச் சி.வி. ராமன் 1920இல் எழுதினார். அதனால் ஒரு சுரம் கோணினாலும் காதுக்குப் பிடிபட்டுவிடும். முனைகள் மாறிய காரில் வலந்தலை ஒழுங்காகக் கேட்கும், 'தொம்' மட்டும் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

ஒயர் சரி என்றால் கதவு வேலை. பெரிய துளைகளை மெல்லிய அலுமினியத் தகட்டாலோ கெட்டியான பிளாஸ்டிக் பலகையாலோ மூடி, அதன்மேல் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். விலை மலிவென்று தார்க் கலவை ஷீட்டை வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி நாற்றமடிக்கும். ஸ்பீக்கருக்குக் கீழே வைக்கும் வளையம் எம்டிஎஃப் எனும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும், ஆகவே பிளாஸ்டிக் வளையமே நல்லது. வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் ஃபோம் பட்டை, ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கும் கதவு பேடுக்கும் இடையில் இன்னொரு ஃபோம் வளையம். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள், கதவு உள்ளிருந்து துருப்பிடித்துவிடும். கண்ணாடி இறங்கும் வழியில் ஒன்றும் துருத்தக்கூடாது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறிய, கதவுக்குள் காற்றழுத்தத்தை உணரும் ஏர்பேக் சென்சார் இருக்கும். உங்கள் காரில் அது உண்டா என்று சர்வீஸ் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் துளைகளை மூட வேண்டாம்.

இனி அந்த 300 வாட். ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும் எண், ஒரு நொடிப்பொழுதுக்கு அது தாங்கக்கூடிய உச்ச அளவு. குடம் பத்து லிட்டர் பிடிக்கும் என்பதால் குழாயில் பத்து லிட்டர் வந்துவிடாது. வருவது எவ்வளவு என்பதை ஸ்டீரியோதான் முடிவுசெய்கிறது. அதன் அட்டையில் '4 x 50 வாட்' என்று போட்டிருப்பார்கள். கணக்குப் பாருங்கள்: இன்ஜின் ஓடும்போது காரில் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வாட். ஆனால் அது அலையின் முகடுகள் எல்லாம் வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன, காது கூசும் ஒலியின் கணக்கு. சிதையாத அலைக்கு அதில் பாதி, 26 வாட். உள்ளே வீணாவது போக 20 வாட் கிடைத்தால் அது நல்ல ஸ்டீரியோ.

20 வாட் குறைவு என்று நினைக்க வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடுகிறது, காதுக்கு அது சற்றே உரத்த ஒலி. கேட்பவருக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைவிட அதன் உணர்திறனைப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் தருவதற்கும் 91 டெசிபல் தருவதற்கும் உள்ள வித்தியாசம், இலவசமாக ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஸ்டீரியோவின் சக்தியிலேயே ஓட்டப்போகும் உங்களுக்கு இந்த எண் மிக முக்கியம், ஆனால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஸ்டீரியோ அமைப்பில் 'ஹெச்பிஎஃப்' என்று ஒன்று இருக்கும், குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலியை அது வெட்டிவிடும். அதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் கேட்கும் உங்களிடம் பேஸை வெட்டச் சொல்கிறேனே என்று தோன்றலாம். அதே சத்தத்துக்கு 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆறரை அங்குலக் கூம்பு அந்த முயற்சியிலேயே திணறி, தன்னால் நன்றாகத் தரக்கூடிய 80 முதல் 200 வரையிலான பகுதியையும் கெடுத்துக்கொள்கிறது. நாம் பேஸ் என்று உணரும் தவிலடியின் பெரும்பகுதியை அது அங்கேதான் தருகிறது.

ஓட்டுநர் வலதுபக்கம் உட்காருவதால் இன்னொரு சங்கடமும் உண்டு. என் காரில் அளந்தபோது வலது ஸ்பீக்கர் என் தலையிலிருந்து 85 சென்டிமீட்டர், இடது 135. அந்த 50 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 1.45 மில்லிநொடி ஆகிறது. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு ஒலி தலையைச் சுற்றி வர அதிகபட்சம் முக்கால் மில்லிநொடிகூட ஆகாது; அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையை அறிகிறது. அதைப்போல் இருமடங்கு தாமதம் வந்தால் பாடகர் நேராக வலது கதவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஸ்டீரியோவில் 'டைம் அலைன்மென்ட்' இருந்தால் வலது ஸ்பீக்கரை அந்த அளவு தாமதப்படுத்துங்கள். முதன்முறை செய்தபோது பாடகரின் குரல் கதவிலிருந்து எழுந்து டாஷ்போர்டின் நடுவே வந்து நின்றது. அன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவும் செய்தும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டுமென்றால், அப்போது சப்வூஃபர் வாங்குங்கள். அது நியாயமான ஆசை. பத்தங்குலம் போதும், முழுக்க மூடிய பெட்டி. காருக்கு ஒரு வரம் இருக்கிறது: உட்புற நீளம் இரண்டரை மீட்டர் என்றால், அரை அலைநீளம் அதைவிடப் பெரிதாகும் 69 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி, கீழே போகப்போகக் காரின் கூடமே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் பேஸ் கீழே மெல்லச் சரியும் விதமும் இந்தத் தூக்கலும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. கண்ணாடியை இறக்கினால் பேஸ் போய்விடுவதும் இதனால்தான்.

ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பியூஸ் பேட்டரியை ஒட்டி, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அந்த பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் பியூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசி காரின் உடல் தகட்டைத் தொடும் நாளில் கார் எரியலாம். தாமிரம் பூசிய அலுமினிய ஒயரை மறுத்துவிடுங்கள், முழுத் தாமிரம் கேளுங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் திருக வேண்டும், சிக்னல் ஒயரும் பவர் ஒயரும் காரின் வெவ்வேறு ஓரங்களில் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் ஒரு ஊளை ஸ்பீக்கரில் வந்து சேரும்.

மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் தரும் ஒரு ஃபாரட் அளவுக் கெப்பாசிட்டரையும் சேர்த்து விற்பார்கள். வாங்க வேண்டாம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகுப்பு 500 வாட் ஆம்ப்ளிஃபயர்கூட முழுவேகத்தில் 45 ஆம்பியர் இழுக்கும். ஒரு வோல்ட் இறங்குவதற்குள் அந்தக் கெப்பாசிட்டர் தாங்குவது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

பேலன்ஸ் சோதனையை இன்றே செய்து, நடுவில் வைத்தபோதும் ஒரு பக்கம் திருப்பியபோதும் பேஸ் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். கார் மாடலும், கதவு பேடைக் கழற்றிய பிறகு உள்தகட்டின் ஒரு புகைப்படமும் சேர்த்துப் போட்டால், எந்தத் துளைகளை மூடலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று குறித்துத் தருகிறேன்.