விருந்தாளிக்குக் கிடைக்கிற நிம்மதி

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியராக இருந்தவர், மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வந்து சில மாதம் ஆகிறது. இந்திய அரசியலையும் நம் சனங்களின் போக்கையும் நினைத்தாலே எரிச்சல் வருகிறது. இங்கே வந்த பிறகு மனசு லேசாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது. மனைவியையும் அழைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிடலாமா? நானும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் கோபம் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஓட்டுக்குப் பணம் என்கிறீர்கள். 2016இல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும், 2019இல் வேலூரிலும் பணம் பாய்ந்த பாய்ச்சலில் தேர்தலையே ரத்து செய்தார்கள். அப்புறம் இன்னொரு நாளில் நடத்தினார்கள், கதை முடிந்தது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வைத்திருந்த தேர்தல் பத்திரம் அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. அதற்குள் கொடுக்கிறவர் கொடுத்து, வாங்குகிறவர் வாங்கி, இடையில் 2019 பொதுத்தேர்தலே நடந்து முடிந்திருந்தது. சாதி என்கிறீர்கள். உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்த ஆணவக் கொலை உங்கள் மாவட்டத்தில்தான். வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தது 2022இல். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டு உங்கள் கம்பெனியில் ஆர்டர் நின்றபோது, தொலைக்காட்சியில் யார் எந்தக் கூட்டணிக்குப் போவார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கே உட்கார்ந்து அதைத்தான் பார்த்தேன்.

ஆனால் இங்கே கிடைத்திருக்கிற நிம்மதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது விருந்தாளியின் நிம்மதி. உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழ்ச் செய்தியில் வருகிற பெயர்களில் யார் யாருக்கு எதிரி என்று தெரியாது. எந்தக் காணிக்கு எத்தனை வருட வழக்கு என்று தெரியாது. யாரும் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. ஒரு ஊரின் அரசியல் காதில் விழாமல் இருந்தால் எந்த ஊரும் அமைதியான ஊர்தான்.

மஞ்சள் கடவையில், அதாவது பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோட்டில், கால் வைத்ததும் வாகனங்கள் நிற்கின்றன, யாரும் ஹாரன் அடிப்பதில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். உண்மைதான். எனக்கே இன்னும் அந்த ஆச்சரியம் போகவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சாலையைக் கடக்க முதல் இரண்டு நாள் திண்டாடுவேன். அதே சமயம் அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். காட்டு யானைகள் பிளாஸ்டிக் பையோடு சோற்றைத் தின்றுகொண்டு நிற்கும், தின்று செத்தும் இருக்கின்றன. நம் ஊர் மாநகராட்சியை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்று தோன்றும்.

அடுத்து, வரி கட்டி என்ன கண்டோம் என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் சம்பளச் சீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் சம்பளம் மாதம் மூன்றரை லட்சம் இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம். ஆண்டில் 183 நாள் இங்கே இருந்து வதிவாளர் கணக்கில் வந்துவிட்டால், மாதம் ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி இல்லை. மிச்சத்துக்கு 6 சதவீதத்தில் ஆரம்பித்து 18, 24, 30 என்று ஏறும், உச்சியில் 36. அந்தக் கணக்கில் உங்களுக்கு மாதம் 32,500 ரூபாய் போகும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் தனி. கடையில் வாங்குவதில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீத வற் (VAT) வரி. இதே சம்பளத்தைத் திருப்பூரில் வாங்கியிருந்தால், 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரியே கிடையாது. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவோடு பன்னிரண்டே முக்கால். வரிக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்கள், போங்கள்!

இந்த வரி 2023இல் ஏறியபோது டாக்டர்கள், பேராசிரியர்கள், வங்கி ஊழியர்கள் எல்லாரும் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முந்திய வருடம் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. அந்த 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். உங்கள் லைனில் நிற்கிற பையன்களிடம் கதைத்துப் பாருங்கள். பாதிப் பேர் கொரியாவுக்கோ கனடாவுக்கோ ருமேனியாவுக்கோ வழி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இந்த நாட்டைப் பற்றிச் சொல்வதை எழுதி எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் வந்துவிடும். நீங்கள் அங்கிருந்து இங்கே தப்பி வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் பகிடி பண்ணுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கத்தைய அரசியலும் லேசுப்பட்டது அல்ல. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, ஊரும் ஊரும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆனால் 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றதும் இங்கேதான். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் ராணுவம் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்றதும் இங்கேதான். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் செத்தார்கள். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழுதாகத் தரம் உயர்த்துவதா வேண்டாமா என்று ஒரு தலைமுறையாக இழுபறி. மயிலத்தமடு மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று பால்பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். நீங்கள் காலையில் வாங்குகிற தயிர்ச் சட்டிக்குப் பின்னால் அந்த மாடுகள் இருக்கின்றன. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நாடு முழுக்க, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி அலை அடித்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் அந்த அலை தோற்ற ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. யாழ்ப்பாணமே சாய்ந்தபோதும் இவர்கள் சாயவில்லை. அது சரியா தப்பா என்று என் மாமனாரும் மச்சானும் இன்றுவரை சோற்றுத் தட்டுக்கு முன்னால் சண்டை பிடிக்கிறார்கள். நான் மீன் முள் எடுப்பதில் கவனமாக இருப்பேன்.

இதையெல்லாம் விட உங்களைத் தொடப்போவது வேறொன்று. இந்திய அரசியலை விட்டு வந்துவிட்டேன் என்கிறீர்கள். அது உங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

நான் முதலில் வந்தது 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் வேலைக்கு. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பயனாளியே முன்னின்று கட்டிக்கொள்ள வேண்டும், நாங்கள் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். போன இடமெல்லாம் தேத்தண்ணி, மரியாதை. ஒரு வீட்டில் மட்டும் வயசான ஒரு ஐயா, நான் இந்தியா என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மகள்தான் மெதுவாகச் சொன்னார்: 87, 88இல் இந்திய அமைதிப்படை இங்கே இருந்த காலத்தில் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயில் முன்றலில்தான் அன்னை பூபதி 1988 மார்ச் 19இல் உண்ணாவிரதம் இருக்க உட்கார்ந்தார். பத்துப் பிள்ளைகள் பெற்ற தாய். இந்திய ராணுவம் போரை நிறுத்தி, புலிகளோடு பேச வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 19இல் இறந்தார். நம் பாடப்புத்தகத்தில் காந்தியின் உண்ணாவிரதங்கள் எல்லாம் இருந்தன. இது இருந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும் நினைவு கூர்வார்கள். அன்றைக்கு யாராவது உங்களிடம் கொஞ்சம் விறைப்பாகக் கதைத்தால் அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வெறுப்போடு திரிகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022இல் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் வந்ததை நன்றியோடு சொல்கிறவர்களும் இதே ஆட்கள்தான். நம் ஊர் மேடைகளில் ஈழம் ஈழம் என்று முழங்குவதைக் கேட்டால் மட்டும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழகிவிடும்.

பக்கத்து வீட்டு அம்மாவின் அக்கா திருகோணமலையில் கலியாணம் முடித்தவர், 1990இல் படகேறி ராமேஸ்வரம் போய், அங்கிருந்து ஒரு முகாமுக்குப் போனவர். இன்னும் அங்கேதான். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அந்த அம்மா கேட்டார்: "உங்கட ஆக்கள் நல்லாத்தான் வெச்சிரிக்காங்க மனே, அரிசி காசு எல்லாம் குடுக்காங்க. ஆனா அக்காட பேரப்பிள்ளைகளும் அங்கதானே பிறந்ததுகள். அதுகள் எந்த நாட்டுப் பிள்ளைகள்?" நான் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை விளக்கப் பார்த்தேன். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதில் வழி உண்டு, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை. "நீங்க ஓட்டுப் போட்ட அரசாங்கம்தானே?" என்றார் அடுத்ததாக. டெல்லியில் யாருக்கு நான் ஓட்டுப் போட்டேன் என்று அவருக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது? திருப்பூரில் இருந்தபோது உங்களிடம் யாராவது இப்படி நேருக்கு நேர் கேட்டிருப்பார்களா? இங்கே நீங்கள்தான் இந்தியா. கடைக்காரர் கேட்பார், ஆட்டோக்காரர் கேட்பார், நாகப்பட்டினத்து இழுவைப்படகு ஏன் யாழ்ப்பாணக் கடலுக்கு வருகிறது என்று மீன் வாங்குகிற இடத்தில் கேட்பார்கள். செய்தி பார்ப்பதில்லை என்ற பதில் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.

சாதியை விட்டுத் தூரம் வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இங்கே சாதியும் உண்டு, அதற்குள் குடி என்கிற வம்சப் பிரிவும் உண்டு. கோயில் நிர்வாகம், திருவிழா உரிமை எல்லாம் குடி முறையில் போகும், குடி தாய் வழியில் வரும். வெளிநாட்டுக்காரன் என்பதால் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கும். பெண்ணுக்கு வீடு எழுதி, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது இங்கே நடைமுறை. எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேலி. இங்கே நான் அப்படித்தான் இருக்கிறேன், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கும்வரை ஒரு தகப்பன் படுகிற பாட்டையும், வீடு இல்லாத பெண் கலியாணமாகாமல் இருப்பதையும் பார்த்த பிறகு இதையும் பெரிதாகப் புகழ மனசு வரவில்லை.

இனி நடைமுறை விஷயங்கள். உங்கள் வதிவிட விசா வேலையோடு கட்டியது. வேலை போனால் விசாவும் போகும். மனைவிக்குக் கிடைப்பது உங்களைச் சார்ந்த விசா, அதை வைத்து அவர் சம்பளத்துக்கு வேலைக்குப் போக முடியாது. கோவையில் நல்ல வேலையில் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்திய அரசியல் மேல் உங்களுக்கு வந்த கோபத்துக்கு அவர் ஏன் வேலையை விட வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். நானாக இருந்தால் முதலில் ஒரு மாத லீவில் வரச் சொல்வேன். வைகாசியில் வந்தால் நல்லது, கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் காலம், ஊர் முழுக்கக் கலகலவென்று இருக்கும்.

அப்புறம் ஓட்டு. இங்கே உங்களுக்கு ஓட்டு இல்லை, எனக்கும் இல்லை, என் கடவுச்சீட்டு இன்னும் நீலம்தான். அங்கே இருக்கிறதையாவது வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் படிவம் 6ஏ கொடுத்து, கடவுச்சீட்டில் உள்ள முகவரித் தொகுதியிலேயே வாக்காளராகப் பதியலாம். தபாலில் போட முடியாது, நேரில் போய்க் கடவுச்சீட்டைக் காட்டித்தான் போட வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தார்களே, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு கோபம் வைத்திருக்கிற ஒருவரின் பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால் நன்றாக இருக்காது.

தங்குவது என்று கடைசியில் முடிவெடுத்தால், சந்தோஷமாகத் தங்குங்கள். நானும் தங்கியிருக்கிறேன், வருத்தமில்லை. கல்லடியில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட வருகிறேன். மார்கழி மழையில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.