ஸ்டீவ் மோர்ஸ் கதையின் மீதிப் பாதி

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ப்ளஸ் டூ படிக்கும் மகன் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கவே மாட்டேன் என்கிறான், கிதார்தான் எல்லாம் என்கிறான், வீட்டில் அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சாட்சிக்குக் கூப்பிடுவது அமெரிக்க கிதார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸை; டீப் பர்ப்பிள் என்ற புகழ்பெற்ற ஆங்கில ராக் பேண்டில் வாசித்தவர். "அவரை ஸ்கூல்ல இருந்தே துரத்திட்டாங்க, அவர் டீப் பர்ப்பிள்ல வாசிக்கலையா?" என்று கேட்கிறானாம்.

கேள்வியில் தப்பில்லை. பாதிக் கதையை வைத்துக்கொண்டு கேட்கிறான், அவ்வளவுதான். மீதியும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சண்டை குறையும்.

துரத்தியது உண்மை. மோர்ஸ் 1954-இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் படிக்கும்போது, முடியை வெட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால் பள்ளியை விட்டு நீக்கினார்கள். நேராகப் போய் எங்கே சேர்ந்தார் என்பதை உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டான். மியாமி பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் சேர்ந்தார். ஜாஸும் கிளாசிக்கல் கிதாரும் முறையாகப் படித்தார். கிதார் கலைஞர் பாட் மெத்தீனி, பேஸ் கிதார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்று ஜாஸில் பெரிய பெயர்கள் நடமாடிய இடம் அது. அங்கே 'ராக் என்ஸெம்பிள் 2' என்று மாணவர்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு குழு இருந்தது. டிக்ஸி ட்ரெக்ஸ் என்ற பேண்ட் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1975-இல் மாணவர்களாக அவர்கள் பதிவு செய்ததையே டெமோவாகக் கொண்டுபோய் வாய்ப்புத் தேடினார்கள். 1977-இல் கேப்ரிகார்ன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 'ஃப்ரீ ஃபால்' ஆல்பத்தை வெளியிட்டது. ஆக, பள்ளிதான் விட்டுப்போனது, படிப்பு விட்டுப்போகவில்லை.

அந்த பேண்டில் பாட்டுப் பாட ஆளே கிடையாது. ராக், ஜாஸ், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற பாணி, பழைய ஐரோப்பிய செவ்வியல் இசை எல்லாம் கலந்த வாத்திய இசை. அதில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மோர்ஸ். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வேகமாக வாசிக்கும் பையன்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வயலினுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பேஸ் கிதாருக்கு ஒன்று என்று தனித்தனியாக யோசித்து எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. மோர்ஸை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது விரல் வேகம் மட்டும் இல்லை.

இப்போது அப்பா கேட்கிற கேள்விக்கு வருவோம்: சோறு போடுமா? 1979-இல் கேப்ரிகார்ன் திவாலானது. அடுத்து வந்த அரிஸ்டா நிறுவனம், பாட்டு இருந்தால்தான் விற்கும் என்று நினைத்தது. 1982-இல் வந்த ஆல்பத்தில் பாடல்களும் சேர்ந்தன. 1983-இல் பேண்ட் கலைந்தது. இதே காலத்தில்தான் 'கிதார் பிளேயர்' பத்திரிகையின் வாசகர்கள் அவரைச் சிறந்த கிதார் கலைஞராகத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேர்ந்தெடுத்தார்கள், 1982 முதல் 1986 வரை. ஒரு பக்கம் நாட்டிலேயே முதல் ஆள் என்ற பெயர், இன்னொரு பக்கம் கலைந்துபோன பேண்ட். இரண்டும் ஒரே மனிதருக்கு ஒரே சமயத்தில் நடந்தவை. உங்கள் மகன் இதை அறிந்துகொள்ள வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

1986-இல் மோர்ஸ் கான்சஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டில் சேர்ந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் அதையும் விட்டுவிட்டு ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக வேலைக்குப் போனார். அது நீண்ட காலம் நீடிக்கவில்லை, கிதாருக்கே திரும்பிவிட்டார். (இதைப் படித்துவிட்டு 'பைலட் கோர்ஸ் வைத்துக்கொள்ளலாம்' என்று அப்பா கிளம்பிவிட வேண்டாம். அதற்கு ஆகும் செலவில் பையனை இசைக் கல்லூரியிலேயே படிக்க வைத்துவிடலாம்.) கிதார் வாசித்த ரிட்சி பிளாக்மோர் விலகிய டீப் பர்ப்பிளில் அவர் சேர்ந்தது 1994-இல், நாற்பது வயதில். மனைவியின் புற்றுநோய் காரணமாக 2022-இல் விலகும்வரை அங்கேதான் இருந்தார். அதாவது, இந்த உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த அந்த இடம் கிடைத்தது கல்லூரி முடித்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து.

அவருடைய கூட்டாளிகளையும் பாருங்கள். வயலின் வாசித்த ஆலன் ஸ்லோன் மயக்க மருந்து மருத்துவரானார். பேஸ் வாசித்த ஆண்டி வெஸ்ட் கணினி மென்பொருள் துறைக்குப் போனார். டிரம்ஸ் வாசித்த ராட் மார்கன்ஸ்டைன் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். பிறகு இவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறவும் செய்தார்கள். 'முதல்ல டிகிரியை முடி, அப்புறம் என்ன வேணா பண்ணு' என்று நாம் சொல்வோம். அங்கே முதலில் இசை, பிறகு மருத்துவம் என்றும் நடந்திருக்கிறது. நம் ஊரில் அப்படித் திரும்பி வருவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் டிகிரியே வேண்டாம் என்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அதேபோல, வெறுத்துக்கொண்டே நாலு வருட இன்ஜினியரிங் படித்து அரியர் வைப்பதற்கும் உடன்பட மாட்டேன். பயிற்சிக்கு நேரம் விடுகிற மூன்று வருடப் படிப்பு ஒன்று, இல்லையென்றால் ஆடிஷன் வைத்துச் சேர்க்கும் இசைக் கல்லூரி. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

கை விஷயம் ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். மோர்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக மீட்டுபவர். பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே, கம்பி மாறும்போதும் அந்த வரிசை குலையாது. பல பேர் இடது கை விரலாலேயே சமாளித்துவிடும் இடத்தில்கூட அவர் வலது கையால் மீட்டுவார். கேட்க அவ்வளவு தெளிவாக இருக்கும். ஆனால் வயதான பிறகு வலது மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்து, வலியோடு வாசித்து, பிக் அடிக்கும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் மகன் இரவு இரண்டு மணி வரை வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கட்டில் வலி, விரலில் மரமரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். 'கிதாரை வை' என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் வலியை மறைத்துவிடுவான்.

ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறியீடு, படிக்க வருமா என்றும் கேளுங்கள். வராது என்றால் இந்த வருடமே ஆரம்பிக்கட்டும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு இசைத் தேர்வுகளை இங்கிருந்தே எழுதலாம். எனக்கு சர்டிஃபிகேட் முக்கியமில்லை, காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் வந்தால் போதும். ஸ்டூடியோ வேலை, டீச்சிங், மேடையில் அடுத்தவருக்கு வாசிப்பது, எதற்குப் போனாலும் அது உதவும். புது கிதார் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். தாளம் தவறாமல் பயிற்சி செய்ய உதவும் மெட்ரோனோம் ஆப் இலவசமாகவே கிடைக்கும்.

நேரில் வரும்போது அப்பாவையும் அழைத்து வாருங்கள். மகன், தானே எழுதிய மூன்று நிமிட இசை ஒன்றைக் கொண்டுவரட்டும். போனில் பதிவு செய்தது போதும். ஸ்டீவ் மோர்ஸ் வாசித்ததை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டாம், அது அவனுக்கு வரும் என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன்.