மூடுபனித் துறைமுகமும் சேற்று நிறமும்

கேள்வி: அதிகாலை மூடுபனியில் மீன்பிடித் துறைமுகத்தை நீர்வண்ணத்தில் தீட்டி வருகிறேன். மங்கலாகத் தெரிவதற்காக எல்லா வண்ணங்களிலும் கறுப்பும் வெள்ளையும் சேர்க்கிறேன். இரண்டு மூன்று பூச்சுகளுக்குள் படம் சேறாகிவிடுகிறது. தொலைவிலுள்ள படகுகளும் கண்ணெதிரே நிற்பதுபோல் தெரிகின்றன. என்ன செய்யலாம்?
(வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: காற்றிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவு கூடக் கூட இருண்ட பொருள்களும் வெளிறி வானத்தின் சாயலை ஏற்கின்றன. எனவே உங்கள் படகுகளின் தொலைவைத் தீர்மானிப்பது நிறத்தைவிட அதன் அடர்த்தியே, அதாவது அது எவ்வளவு வெளிறியோ இருண்டோ இருக்கிறது என்பதே.

கறுப்பும் வெள்ளையும் பெட்டியிலேயே இருக்கட்டும். வெள்ளை கலந்த பூச்சு தாளின் வெண்மையை மறைத்துவிடுகிறது. நீர்வண்ணத்தின் ஒளியே அந்த வெண்மையில்தான் இருக்கிறது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும். ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பும் சிறிது இருந்தால் இக்காட்சிக்கு வேறெதுவும் தேவையில்லை என்பேன்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளை நனைத்து, வானத்துக்கும் நீருக்கும் சேர்த்து ஒரே வெளிறிய பூச்சு கொடுங்கள். அது காய்ந்த பிறகு, எதிர்க்கரையையும் அங்குள்ள கட்டடங்களையும் தனித்தனியே பிரிக்காமல் ஒரே உருவமாகத் தீட்டி, அடிவிளிம்பை ஈரத்தூரிகையால் கரைத்து நீரோடு கலக்கவிடுங்கள். அடுத்த பூச்சில் நடுவிலுள்ள விசைப்படகுகள், இறுதியில் அருகிலுள்ள படகும் கயிறுகளும் என அடர்த்தி படிப்படியாக ஏறட்டும். காய்ந்தால் நீர்வண்ணம் வெளிறும் என்பதால், ஒவ்வொரு முறையும் விரும்பும் அளவைவிடச் சற்று அடர்த்தியாகவே கலக்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் தூரிகையை ஓட்டினால் கீழ்ப்பூச்சு கலைந்து மேற்பூச்சோடு குழம்பும். நீங்கள் சொல்லும் சேறு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். தாள் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

கிளாட் மோனே 1872ஆம் ஆண்டைக் குறித்துக் கையெழுத்திட்ட, பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்துச் சூரிய உதய ஓவியம் எண்ணெய் வண்ணம்தான் என்றாலும் உங்களுக்குப் பயன்படும். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், செம்மஞ்சள் சூரியன் சுற்றியுள்ள வானத்தோடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே. முன்னாலுள்ள படகு மட்டும் இருண்டு நிற்கிறது.

உங்கள் படத்தையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். தொலைவிலுள்ள படகு இன்னும் இருண்டிருந்தால், சுத்தமான ஈரத்தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பஞ்சுத்துணியால் ஒற்றி எடுக்கலாம். அல்ட்ராமரின் ஓரளவு எளிதாகவே எடுபடும்.