பெர்க்லி பல்கலைக்கழகம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன் நான். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அரசுப் பல்கலைக்கழகம்தானே? கட்டணம் ஏன் இவ்வளவு? (கோவையிலிருந்து ஒரு தந்தை)

அரசு என்றால் இங்கே கலிஃபோர்னியா மாநில அரசு. தன் பிள்ளைகள் படிக்க 1868ல் அந்த மாநிலம் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இன்று அதற்குப் பத்து வளாகங்கள், பெர்க்லிதான் மூத்தது. உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் வரிசையின் மேல்பகுதியில், எட்டில் ஒரு பங்குக்குள் வரும் மாநில மாணவர்களுக்கு இந்த வளாகங்களில் இடம் என்று 1960ல் ஒரு திட்டமே போட்டார்கள். அதனால் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதன்மேல் பெரிய கூடுதல் தொகை. இது நியாயம்தான் என்பது என் கருத்து.

உங்கள் மகள் இளநிலைக்குச் சேர்ந்தால் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகை வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. வீட்டை அடமானம் வைத்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து. 1920களில் இங்கே படிக்க வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணே, கட்டணம் ஏறியதும் அயோவாவுக்கு மாறிப் போனவர்தான்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, பிஎச்.டி. அறிவியல், பொறியியல் துறைகளில் சேர்க்கை கிடைத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு மாதாமாதம் உதவித்தொகையும் தரும். பதிலுக்கு ஆய்வகத்தில் வேலை, அல்லது வாரம் இருபது மணி நேரம் வரை இளநிலை மாணவருக்குப் பாடம் நடத்துவது. முதுகலை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல துறைகளில் இல்லை, நான்காண்டுப் பட்டம் முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம். வாடகைதான் கழுத்தைப் பிடிக்கும். அறையைப் பகிர்ந்துகொள்ளாமல் சமாளிப்பது கஷ்டம்.

ஒரே வகுப்பில் ஆயிரம் பேர் என்பது உண்மையா?

உண்மை. மொத்த மாணவர்கள் சுமார் 45,000 பேர். கணினி அறிவியலின் முதல் பாடத்தில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்த பருவங்கள் உண்டு. பேராசிரியர் விரிவுரை நடத்துவார். பிறகு முப்பது பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிரித்து ஆராய்ச்சி மாணவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கூச்சப்பட்டு மூலையில் உட்காரும் பிள்ளையை யாரும் தேடி வர மாட்டார்கள். கதவைத் தட்டுபவருக்குக் கிடைப்பது ஏராளம். இளநிலை மாணவரைப் பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்த்துவிட ஒரு திட்டமே இருக்கிறது, ஒவ்வொரு பருவமும் விண்ணப்பிக்கலாம். அதை விடாதீர்கள்.

நோபல் நோபல் என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்கள்?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியில் தொடங்கியது என்று சொல்லலாம். 1930களின் தொடக்கத்தில் எர்னஸ்ட் லாரன்ஸ் இங்கே உருவாக்கிய முதல் சைக்ளோட்ரான் அவ்வளவு சிறியது. அணுத் துகள்களை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வேகம் கூட்டும் கருவி அது. 1939ல் அவருக்கு நோபல். 1941ல் இங்குள்ள கில்மன் ஹால் கட்டடத்தின் 307ஆம் அறையில் புளூட்டோனியம் என்ற தனிமத்தை அடையாளம் கண்டார்கள். தனிம அட்டவணையில் 97ஆவது பெர்க்கிலியம், 98ஆவது கலிஃபோர்னியம், இரண்டும் இங்கே கண்டறிந்தவை. ஊரும் மாநிலமும் அப்படியே பெயராகிவிட்டன. 2020ல் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காகப் பரிசைப் பகிர்ந்த ஜெனிஃபர் டவுட்னாவும் இங்குள்ளவர். வளாகத்தில் சில கார் நிறுத்துமிடங்களில் ‘என்.எல்.’ என்று பலகை இருக்கும், நோபல் பெற்றவர்களுக்கு மட்டும். இடத்துக்காகச் சுற்றிச் சுற்றி வரும் ஊரில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

போராட்டம் அதிகமாமே, பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

பயப்பட வேண்டாம் அம்மா. 1964 அக்டோபரில், வளாகத்தில் அரசியல் பிரசாரம் செய்ததற்காக ஒருவரைக் கைது செய்து ஏற்றிய போலீஸ் காரை மாணவர்கள் ஒரு நாளுக்கு மேல் நகரவிடாமல் சூழ்ந்துகொண்டார்கள். கூரை நசுங்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிப் பேசினார் மாரியோ சாவியோ என்ற மாணவர். வளாகத்தில் அரசியல் பேசும் உரிமை அப்படி வந்தது. பிற்பாடு நிர்வாகமே வளாகத்தின் ஸ்ப்ரௌல் ஹால் கட்டடப் படிக்கட்டுக்கு அவர் பெயரை வைத்தது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

நிலநடுக்கம்?

நிலநடுக்கம் உண்டாக்கும் ஹேவர்டு நிலப்பிளவு, வளாகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அடியிலேயே ஓடுகிறது. 2012ல் புதுப்பித்துத் திறந்தபோது, பிளவின் மேலுள்ள பகுதிகள் தனித்தனியாக நகரும்படி கட்டியிருந்தார்கள்.

மருத்துவம் படிக்கலாமா?

அமெரிக்காவில் மருத்துவராவதற்கான பட்டம் எம்.டி., அதைத் தரும் மருத்துவக் கல்லூரி பெர்க்லியில் இல்லை. இதே பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் இருக்கிறது.

தமிழ் உண்டா?

உண்டு. ஜார்ஜ் ஹார்ட் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது இங்கேதான். அமெரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி 1990களில் தமிழ் இருக்கை அமைத்தார்கள். தமிழ் செம்மொழியே என்று 2000 ஏப்ரலில் அவர் எழுதிய கடிதம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் மதிப்பெண் எவ்வளவு வேண்டும்?

இளநிலைச் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. பள்ளி மதிப்பெண்ணும், விண்ணப்பத்தில் உள்ள எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுதும் பதில்களும்தான் முக்கியம். விண்ணப்பம் நவம்பர் இறுதியை ஒட்டி முடியும், கடைசி நாளைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதில்களைப் பிள்ளையே எழுதட்டும்.