வலது கால் கியர்: அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர் நம் அண்ணாச்சி. சித்தப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. எம்20 பைக்கை இன்றைக்கும் ஓட்டுகிறார். பழைய இங்கிலாந்து பைக்குகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, என் எம்20 காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது. களக்காடு போய் டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிச் சுத்தம் பண்ணியாச்சு. (வள்ளியூர் வாசகர்)

நாலாவது தடவை கழற்றாதீர்கள், அது பாவம். நோய் மேக்னெட்டோவில், அதாவது பிளக்குக்கு மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும் பெட்டியில் இருக்கிறது. அதன் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றி, மேலே அரக்குப் பூசியிருப்பார்கள். நம்மூர் அரக்கேதான். வயதான அரக்கு சூட்டில் இளகும். இளகினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் உள்ளேயே கசிந்துவிடும். கூடவே அதற்குள் இருக்கும் கண்டென்சரும் கிழடு தட்டியிருக்கும். பர்மிங்ஹாம் குளிரில் பிறந்தது, சித்திரை வெயிலில் களக்காடு ரோட்டில் வேறென்ன செய்யும்?

அடுத்த முறை நின்றால் பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் வைத்து உதைத்துப் பாருங்கள். பொறி மஞ்சளாக மினுங்கினாலோ, வரவே இல்லை என்றாலோ, மேக்னெட்டோ மேல் ஓர் ஈரத்துணியைப் போர்த்துங்கள். தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஆறியதும் பொறி வந்தால் சந்தேகமே இல்லை. செலவு பண்ணுவதற்கு முன், மேக்னெட்டோவில் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.3 மில்லிமீட்டர். அதுவும் சரியாக இருந்தால் காயிலைப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, கையில் இருக்கும் கம்பியைச் சுற்றித் தந்தார். வண்டி இருமக்கூட இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவின் மேட்ச்லெஸ் ஜி3எல் முழுக்க மூழ்கிவிட்டது. அன்றிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் மேல் ஏறி நின்றாலும் அசையவில்லை. (ஏரல் வாசகர்)

முதலில் கிக்கரை விட்டு இறங்குங்கள் தம்பி. பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. அது பெரிய விஷயமே இல்லை. பிளக் ஓட்டை வழியாக டீசலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். கியரில் போட்டு, பின் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

அப்போதுதான் ஆபத்து ஆரம்பம். அசைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஸ்டார்ட் பண்ணிவிடுவீர்கள். வந்தது வெறும் தண்ணீர் இல்லை, தாமிரபரணி வண்டல். நெல்லுக்கு அது அமுதம், பேரிங்குக்கு எமன். எஞ்சினை முழுக்கப் பிரிக்காமல் ஒரு உதைகூட வேண்டாம். ஆயில் டேங்க், அதிலிருந்து வரும் குழாய்கள், கியர் பெட்டி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முன் ஃபோர்க்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஜி3எல் வண்டிக்கு 1941லேயே ஆயில் ஊற்றிய டெலஸ்கோப் ஃபோர்க். அந்தக் குழலுக்குள்ளும் சேறு உட்கார்ந்திருக்கும். பொறுமை இல்லை என்றால் அப்படியே துடைத்து வீட்டில் வையுங்கள். அப்பா வண்டிதானே, நின்றாலும் அழகு.

எல்லா நட்டும் மூலை மழுங்கிவிட்டது. இரும்பு அப்படிப்பட்டதா? (சேரன்மகாதேவி வாசகர்)

இரும்பு நல்லது, ஸ்பானர்தான் தப்பு. அது விட்வொர்த் கணக்கு, பழைய இங்கிலாந்து அங்குல அளவு. ஸ்பானரில் 1/4 என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் இல்லை. அந்த நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர். உங்கள் 13 உள்ளே போகாது, 14 ஆடும். ஆடுகிற ஸ்பானரால் நாலு தடவை திருகினால் நட்டு உருண்டையாகிவிடும். பழைய இரும்புக் கடையில் W என்று பொறித்த ஸ்பானர் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்குங்கள்.

ஒரு மாதம் நிறுத்தி எடுத்தால் எம்20 கொசு மருந்து வண்டி மாதிரி புகைகிறது. ஆயில் குழாயில், திறந்து மூடுகிற திருகு டேப் ஒன்று போட்டால் நிற்கும் என்கிறார்களே? (பேட்டை வாசகர்)

நிற்கிற வண்டியில், டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பெட்டியில் இறங்கிவிடுகிறது. உதைத்ததும் அதுதான் புகையாகப் போகிறது. எடுப்பதற்கு முன் அடியில் இருக்கும் வடிகால் பிளக்கைத் திறந்து வடித்து, வடித்ததை வடிகட்டி மேலே ஊற்றுங்கள். பத்து நிமிட வேலை.

டேப் மட்டும் வேண்டாம். 1991இல் நானும் போட்டேன். பாபநாசம் கிளம்பிய அவசரத்தில் திறக்க மறந்தேன். பத்தமடை வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றது. அங்கே பாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, லோடு ஆட்டோவில் ஊர் வந்து சேர்ந்தேன்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

எரிவதில் தகராறு இல்லை. எம்20 அழுத்த விகிதம் 4.9க்கு 1தான், போர்க்காலத்து மட்டமான பெட்ரோலையே குடித்து ஓடிய வண்டி. நிறுத்தி வைப்பதில்தான் தொல்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய் உப்பி வெடிக்கும். குழாயை மாற்றிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் கார்புரேட்டரைக் காலி பண்ணுங்கள்.

புல்லட் இங்கிலீஷ் வண்டியா, நம்ம வண்டியா? (தென்காசி வாசகர்)

இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்து, 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் வளர்ந்தது. 1967இல் பிறந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் யார் பிள்ளை என்று நீங்களே சொல்லுங்கள்.

விண்டேஜ் என்று பதிவு செய்துவிடலாமா? (திசையன்விளை வாசகர்)

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் அந்த விதி வந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் VA என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் எடுக்கலாம். பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதே எனக்குப் பிடிக்கும். வண்டி என்ன, கொலுப் பொம்மையா?

கியரை இடது காலுக்கு மாற்றிவிடலாமா? வலது காலில் குழப்பமாக இருக்கிறது. (பாளையங்கோட்டை கல்லூரி மாணவி)

மாற்ற வேண்டாம்மா. மாற்றினால் கியரும் பிரேக்கும் இரண்டுமே அரைகுறையாகிவிடும். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், கண்ணை மூடிக்கொண்டு இடது காலால் பிரேக்கை நூறு தடவை மிதியுங்கள். ஒரு வாரம் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால்தான் கால் ஏமாற்றும்.

எனக்கு அதைச் சொல்லித் தர யாருமில்லை. 1983இல் முதன்முதலாக எடுத்து, கொக்கிரகுளம் தாண்டி சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறினேன். முன்னால் வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டி. வலது காலை ஓங்கி மிதித்தேன். கியர் மாறியது, வண்டி நிற்கவில்லை. ஆறு சீப்பு கூழாகிவிட்டது. காசு சித்தப்பா கொடுத்தார். வண்டிக்காரர் இறங்கி வந்து பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏலே, வெள்ளைக்காரன் இதுல பிரேக்கே வைக்கலியா?”